மஞ்சள் வேகும் வாசம்

2009 மாசி மாதம். கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக் களத்தில் கொப்பரை ஏற்றி மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் வேகும் வாசம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸுக்குள்ளேகூட நுழைந்துவிடும். நுரை கட்டி, வெள்ளையாகப் புகை கிளம்பி, அந்த வாசம் தூக்கும்போதுதான் பதம். குச்சியால் குத்திப் பார்ப்பது அப்புறம். எங்கள் ஊரில் பதம் பார்க்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு அவர் கொப்பரைக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "இன்னும் வாசமே கட்டலையே" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா, "அண்ணனுக்குச் சளி புடிச்சிருக்குது, மூக்கைச் சிந்திட்டு வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு அப்போது 28 வயது, கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். நானும் சிரித்தவள்தான். அந்த வருடம் அப்பாவுக்கு 56. அவருக்குப் பார்க்கின்சன், அதாவது கை நடுங்கி உடம்பு இறுகிப்போகும் நரம்பு நோய் என்று கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவர் சொன்னது 2017இல். இடையில் எட்டு வருடம்.

அந்த எட்டு வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் அடையாளங்கள் வரிசையாக நிற்கின்றன. காலையில் வயிறு சரியாகப் போகவில்லை என்று கடுக்காய்ப் பொடி சாப்பிட ஆரம்பித்தார். ராத்திரித் தூக்கத்தில் "ஹோய், ஹோய்" என்று மாடு முடுக்குவார், காலால் உதைப்பார். ஒருநாள் அம்மாவின் உதட்டில் அடி பட்டு ரத்தம். அம்மா அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள்: "காங்கேயம் காளை கனவுல வந்துருக்கும்." அப்புறம் வலது தோள் இறுகியது. ஆறு மாதம் எண்ணெய் தேய்த்தோம், கரண்ட் வைத்தோம்.

நான் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்க்கிறவள். எழுத்தும் எண்ணும்தான் என் பிழைப்பு. அப்பாவின் பால் கணக்கு நோட்டில் எழுத்து வரிக்கு வரி சுருங்கிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். ஒரு பக்கத்தின் மேலே நெல்மணி அளவில் தொடங்குகிற எழுத்து, அடியில் கடுகாகியிருக்கும். 'கண்ணாடி மாத்தணும்' என்று நினைத்தேனே தவிர வேறெதுவும் தோன்றவில்லை. இந்த ஒன்று மட்டும் இன்னும் எனக்கு உறுத்தல்.

வாசம் தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கை கால் வீசுவது, இந்த மூன்றும் நடுக்கத்துக்கு ஐந்து, பத்து வருடம் முன்னாலேயே வரலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில், உடம்பின் அசைவை நடத்தும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும் நாளில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். 2003இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிராக் என்ற ஆய்வாளர், சிலருக்கு நோய் மூக்கிலும் குடலிலும் தொடங்கி மெல்ல மூளைக்கு ஏறலாம் என்று சொன்னார். எல்லாருக்கும் அது பொருந்துவதில்லை. எங்கள் அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது.

மலச்சிக்கல் இருக்கிறவர்கள் எல்லாம் பயப்பட வேண்டாம், நாட்டில் பாதிப் பேர் பயப்பட வேண்டிவரும். ஆனால் தூக்கத்தில் கை கால் வீசுவதை மட்டும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்க ஆய்வில் இந்தக் கோளாறு உறுதியான 1,280 பேரைப் பல நாட்டு மருத்துவமனைகள் பின்தொடர்ந்த முடிவு 2019இல் வந்தது. 12 ஆண்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பார்க்கின்சனோ, அதன் பங்காளி நோய்களில் ஒன்றோ வந்திருந்தது. கட்டில் பக்கத்தில் கூர்மையான சாமான் வைக்காமல், ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

நடுவில் நடந்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், இது பல வீட்டில் நடக்கிறது. 2016இல் அப்பா நடையில் தள்ளாடினார். பக்கத்து டவுனில் ஒருவரிடம் காட்டினோம். தலைசுற்றல் என்று சின்னரிசின் மாத்திரை எழுதினார். ஒரு வாரத்துக்கு எழுதினதை நாங்களே மருந்துக்கடையில் வாங்கி வாங்கி எட்டு மாதம் கொடுத்தோம். தள்ளாட்டம் கூடியது, முகம் மரக்கட்டை மாதிரி ஆனது. தலைசுற்றலுக்குத் தருகிற சின்னரிசின், புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தருகிற மெட்டோகுளோபிரமைடு இவையெல்லாம் டோபமினின் வேலையைத் தடுக்கும். நல்லா இருக்கிறவருக்கே பார்க்கின்சன் மாதிரி அறிகுறியை உண்டாக்கக்கூடியவை. ஏற்கனவே நோய் இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். கோயம்புத்தூர் மருத்துவர் முதலில் செய்தது அந்த மாத்திரையை நிறுத்தியதுதான். நாலு மாதம் பொறுத்துப் பார்த்தார். தள்ளாட்டம் பாதி குறைந்தது. வலது கை நடுக்கமும் இறுக்கமும் குறையவில்லை. அதற்குப் பிறகே நோயின் பேரைச் சொன்னார்.

பேரைச் சொன்னதும் நாங்கள் கேட்டது மருந்தை அல்ல. "இது எதனால வந்துச்சுங்க டாக்டர்?"

வீட்டில் ஆளுக்கொரு பதில் தயாராக இருந்தது. அம்மாவுக்கு அது அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர் வழி ரத்தம். அப்பாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது, காபி டம்ளரைப் பாதி ஊற்றித்தான் கொடுப்பார்கள், ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். தம்பிக்கு அது மருந்து. எங்கள் ஊரில் மருந்து என்றால் மாத்திரை அல்ல, வயலுக்கு அடிக்கிற மருந்து. முப்பது வருடம் அப்பா டேங்கை முதுகில் மாட்டி அடித்தார். பக்கெட்டில் கையை விட்டுக் கலக்குவார். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். இதை எழுதும்போது எனக்கே உடம்பு கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அது சாதாரணம். எல்லாரும் ஊதினார்கள். நான் பதினாலு வயசில் ஒருமுறை ஊதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் தம்பி பக்கம். குற்றவாளி ஒருவர் கிடைத்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. தேடிப் படித்தேன். படித்ததெல்லாம் தம்பி சொன்னதற்கு வலுச் சேர்த்தது.

1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். போதைக்காகக் கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயின் மாதிரிப் பொருளில் எம்பிடிபி என்ற ரசாயனம் கலந்திருந்தது. சில நாளில் அவர்களுக்கு முற்றிய பார்க்கின்சன் நிலை. ஒரே ஒரு ரசாயனம் மூளையின் அந்தச் சிறு பகுதியை மட்டும் தேடிப்போய் அழிக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். அந்த ரசாயனம் உடம்புக்குள் போய் மாறுகிற வடிவத்தின் கட்டமைப்பும், நாங்கள் வாழைக்காட்டில் களைக்கு அடித்த பாராகுவாட்டின் கட்டமைப்பும் ஏறக்குறைய அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 2009இல் கலிபோர்னியாவின் விவசாயப் பள்ளத்தாக்கில் செய்த ஆய்வில், வீட்டைச் சுற்றி 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் அடிக்கப்பட்ட இடத்தில் இருந்தவர்களுக்கு ஆபத்து 75 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வில் பாராகுவாட்டைக் கையாண்டவர்களுக்கு ஆபத்து இரண்டரை மடங்கு.

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க சித்தப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

அங்கேதான் என் வழக்கு படுத்தது.

சித்தப்பா அப்பாவைவிட அதிகம் மருந்தடித்தவர். சொந்தக் காட்டுக்கு அடித்தது போக, கூலிக்கும் நாலு ஊர் போய் அடித்தவர். அதே கிணற்றுத் தண்ணீர், அதே அப்பாரு ரத்தம். இப்போது 69 வயது. நல்லா கம்பீரமாக புல்லட் ஓட்டுகிறார். மஞ்சள் பதம் பார்க்க இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம் பெரிய அத்தை. பத்தொன்பது வயதில் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்தது, பனியன் கம்பெனி வீடு, மருந்து டேங்கைத் தொட்டதே இல்லை. 2020இல் 72 வயதில் அத்தைக்கும் இதே நோய் என்று தெரிந்தது. மருந்து மட்டும் காரணம் என்றால் சித்தப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். ரத்தம் மட்டும் என்றால், அதே வயிற்றில் பிறந்தவர்தானே அவர்?

மருத்துவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அண்ணன் தம்பிக்கு ரத்தம் ஒன்று என்பது நாம் சொல்கிற பேச்சு. சராசரியாகப் பாதி மரபணுதான் பொது. மீதிப் பாதியில்தான் ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. உடம்புக்குள் வந்த விஷத்தை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதிகளும் அப்படியே ஆளுக்கு ஆள் மாறும். பான்1 என்ற மரபணு குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்தைச் சிதைக்கும் நொதியைத் தருகிறது. சிலருக்கு அது சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். மந்தமான வகை இருந்து, அந்த மருந்துகளின் நடுவிலும் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். ஜிஎஸ்டிடி1 என்று இன்னொன்று, சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாதது ஒன்றும் குறையாகத் தெரியாது, அப்படியே வாழ்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் அது இல்லாதவர் பாராகுவாட்டையும் கையாண்டால் ஆபத்து பல மடங்கு ஏறியது என்று 2012இல் ஒரு ஆய்வு சொன்னது. அந்த மரபணு வேலை செய்கிறவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் எங்கள் வீட்டு அண்ணன் தம்பி கதையை அது எழுதிவைத்த மாதிரி இருந்தது.

இரட்டையர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டையர்கள் 19,842 பேரை வைத்து 1999இல் வந்த ஆய்வு. ஐம்பது வயதுக்கு மேல் நோய் வந்தவர்களில், ஒரே கரு இரட்டையருக்கும் வேறு கரு இரட்டையருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மரபணு மட்டுமே எஜமான் என்றால் ஒரே கரு இரட்டையரில் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். ஐம்பதுக்கு முன்னால் வந்தவர்களிடம் கதை வேறு, அங்கே மரபணுவின் கை ஓங்கியிருந்தது. எங்கள் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் முதலில் "எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?" என்று கேட்பதன் காரணம் இது.

அத்தைக்கும் வந்த பிறகு வீட்டில் பயம் கூடிவிட்டது. அப்பாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்தோம். ரத்தம் எடுத்து அனுப்பி, ஆறு வாரம் கழித்து அறிக்கை. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று எழுதியிருந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

மரபணு ஆலோசகர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அவர் விளக்கினார். இந்த மரபணுவில் பேர்போன மாற்றம் ஒன்று உண்டு, அது அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க மக்களிடமும் அதிகம், நம் நாட்டில் அபூர்வம். அதுகூட இருக்கிற எல்லாரையும் நோயாளி ஆக்குவதில்லை, பலர் எண்பது வயதுவரை நோயில்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அப்பாவிடம் இருப்பது அதுவல்ல. உலகத்தின் மரபணுத் தகவல் கிடங்குகளில் ஐரோப்பியர்கள்தான் அதிகம், நம்மவர்கள் குறைவு. அதனால் நம்மிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம்கூட அங்கே புதிதாகத் தெரியும். "இதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மறுபடி கேளுங்க, அப்ப இதுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கலாம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். அறிக்கையில் ஒன்றுமே இல்லை என்று வந்திருந்தாலும் மரபணுவுக்குப் பங்கில்லை என்று ஆகாது. ஒற்றை மரபணு தனியாக நின்று நோயைக் கொண்டுவருவது பத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். மற்றவர்களிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தராசைச் சாய்க்கும். 2019இல் வந்த பெரிய ஆய்வு அப்படி 90 இடங்களை அடையாளம் காட்டியது. எல்லாம் சேர்ந்தும் பரம்பரைப் பங்கில் ஒரு பகுதியைத்தான் விளக்குகின்றன.

பரிசோதனைக்கு முன்னால் ஆலோசகரைப் பாருங்கள், பின்னால் அல்ல. நாங்கள் பின்னால் பார்த்தோம். அந்த இடைவெளியில் அறிக்கை சொந்தக்காரர்கள் கைக்குப் போய்விட்டது.

போனதன் விளைவு, கல்யாணப் பேச்சில் தெரிந்தது. என் மகளை அத்தையின் மகள் வழிப் பேரனுக்குக் கேட்கிற பேச்சு இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. முறைப்பையன், சொத்து வெளியே போகாது, எல்லாருக்கும் சம்மதம். திடீரென்று "ரெண்டு பக்கமும் நடுக்கம் இருக்குது, பொறக்கற கொழந்தைக்கு?" என்று யாரோ கேட்டார்கள். உள்ளூரில் இன்னொரு சம்பந்தமும் இதே பேச்சில் நின்றது. கோபமாக இருந்தது, ஆனால் கேள்வி முட்டாள்தனமானது என்று தள்ளவும் முடியவில்லை.

இதையும் மருத்துவரிடம் கேட்டேன். நாற்பது வயதுக்கு முன்பே வருகிற வகைகளில் சில, பார்க்கின், பிங்க்1 போன்ற மரபணுக்களால் வருபவை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அந்த நோய் வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது அப்படி இரண்டும் ஒன்றுசேர வாய்ப்பு கூடும். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடக்கிற கல்யாணம் என்பதால் இது நம் ஊர்க் கேள்வி. அதனால் ஒரு குடும்பத்தில் இருபது, முப்பது வயதில் யாருக்காவது நடுக்கமோ கால் இழுப்போ வந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் முன் பரிசோதனை பற்றிக் கேட்பது நியாயம். எங்கள் வீட்டில் அறுபதுக்கும் எழுபதுக்கும் மேல் வந்தது, அது வேறு ரகம். அப்பா அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சற்றுக் கூடும், அவ்வளவுதான். அறுபது தாண்டியவர்களில் நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது, அது கொஞ்சம் பெருகினாலும் வராமலிருக்கும் வாய்ப்பே மிக அதிகம். இதை நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் அத்தை வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் என் மகள், "அந்தப் பையன் எனக்குச் சரிப்படாதும்மா" என்று சொல்லிவிட்டாள். மரபணு காரணமில்லை. பையன் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறானாம்.

இப்படி அலைந்து திரிந்ததில் ஒன்று புரிந்தது. அப்பாவுக்கு ஏன் வந்தது என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரு மருத்துவராலும் முடியாது. வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து பாய்ந்த வயலில், எந்த நெல் எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று பிரிக்கிற மாதிரி. ஆனால் மடை எது நம் கையில் இருக்கிறது என்பது தெரியும். ரத்தத்தை மாற்ற முடியாது. அதனால் நான் மருந்து டேங்கைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பியோடு சண்டை போட்டது அங்கேதான். அவன் என் பக்கம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மருந்துதான் குற்றவாளி என்று சொன்ன அதே தம்பி, கையுறை போட மாட்டேன் என்றான். வேர்க்கிறது, வழுக்குகிறது, சித்தப்பாவுக்கு என்ன ஆச்சு? சித்தப்பா உயிரோடு புல்லட் ஓட்டுவது எங்கள் வீட்டில் பாதுகாப்புக்கு எதிரான மிகப் பெரிய வாதம். "உனக்கு அப்பா வந்திருக்காரா, சித்தப்பா வந்திருக்காரான்னு யாருக்குடா தெரியும்?" என்று ஒருநாள் கத்தினேன். அன்றைக்கு அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கையுறை வாங்கி வந்திருந்தான்.

இப்போது எங்கள் தோட்டத்தில் நடப்பது இது. கலக்குவது நீளக் குச்சியால். ஊற்றிக் கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, கெட்டியான மருந்து கையில் படுவது அப்போதுதான், ஆகவே கையுறை அப்போதே வேண்டும். மெல்லிய துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைக்கும், அது இல்லாமலிருப்பதே மேல். ரப்பர் கையுறைதான் சரி. நாசிலைச் சுத்தம் செய்யப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் டேங்கோடு கட்டித் தொங்குகிறது. காற்று அடிக்கும்போது அடிப்பதில்லை. அடித்து முடித்ததும் குளியல், அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பது. முன்பெல்லாம் அம்மா அதைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறப்போடுவாள். காலி கேனைக் கழுவி மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் மொள்ள வைப்பது நின்றது, கேனின் அடியில் ஓட்டை போட்டுவிடுகிறோம். கிணற்று மேட்டில் டேங்க் கழுவுவதும் நின்றது. குடிக்கிற தண்ணீர் அதே கிணறு.

பாராகுவாட்டை முழுக்க விட்டுவிட்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அது கிடையாது. இலங்கையிலும், கேரளத்திலும் 2011 வாக்கில் தடை வந்தது. இலங்கையில் முதல் காரணம் பார்க்கின்சன் அல்ல, அதைக் குடித்தால் முறிக்க மருந்தே இல்லை என்பது. நமக்கு எந்தக் காரணமானால் என்ன? வாழைக்காட்டில் இப்போது பவர் வீடர் ஓடுகிறது, மிச்சத்துக்கு வாழைச் சருகையே மூடாக்காகப் போடுகிறோம். முதல் வருடம் ஆள்கூலி கூடியது. தம்பி அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

விவசாயி இல்லாதவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். டிரைகுளோரோஎத்திலீன் என்று ஒன்று, இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கவும் துணியின் கறை எடுக்கவும் பயன்பட்ட கரைப்பான். அமெரிக்காவில் லெஜூன் என்ற ராணுவ முகாமில் குடிதண்ணீரில் அது கலந்திருந்தது. அங்கே இருந்த படைவீரர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து 70 சதவீதம் கூடுதல் என்று 2023இல் ஆய்வு வந்தது. அத்தையின் பனியன் கம்பெனி வீட்டை நினைத்து நான் ஒரு ராத்திரி தூங்கவில்லை. அப்புறம் விட்டுவிட்டேன். இப்படியே போனால் எல்லா வீட்டிலும் ஒரு குற்றவாளி கிடைப்பான்.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை, லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மருந்து. தொடங்கி மூன்றாம் வாரம் சட்டைப் பொத்தானை அவரே போட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். இந்த மாத்திரைக்கு நேரம்தான் உயிர். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். பருப்பு, பால், முட்டை, கறியில் இருக்கும் புரதம் இந்த மருந்து குடலில் ஏறும் வழியில் போட்டிக்கு நிற்கும். நாங்கள் தெரியாமல் ஆறு மாதம் பாலோடு கொடுத்தோம், மாத்திரை வேலை செய்யவில்லை என்று மருத்துவரைக் குறை சொன்னோம். இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே கூடாது, இரண்டு மணி நேரம் தள்ளித்தான். வேறு எதற்காவது மருத்துவமனையில் சேர்த்தாலும் இந்த மாத்திரையின் நேரம் தவறக் கூடாது. கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலை எழுதி லேமினேட் செய்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். 2022இல் வாந்திக்கு ஊசி போட வந்த நர்ஸிடம் அப்பாவே அந்த அட்டையை எடுத்துக் காட்டினார்.

பூனைக்காலி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். உண்மைதான், பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இருக்கிறது, ஏமாற்று இல்லை. ஏமாற்று இல்லை என்பதுதான் பிரச்சினை. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் இரண்டு மடங்கு மருந்து. சித்தப்பா ஆசையாக வாங்கிவந்த பொடியை அப்பா பத்து நாள் ரகசியமாகச் சாப்பிட்டார். கழுத்தும் தோளும் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. பொடிக்குப் பொடி அளவும் மாறும். மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

உடற்பயிற்சி விஷயத்தில் நான் முதலில் சோம்பேறி. "தோட்டத்துல நடக்கறாரே, போதாதா?" போதாது. மூச்சு வாங்க வேண்டும். 2018இல் மாத்திரையே தொடங்காத ஆரம்ப நிலை நோயாளிகள் 128 பேரை வைத்துப் பார்த்தார்கள். இதயத்துடிப்பு உச்ச அளவில் 80 முதல் 85 சதவீதம் ஏறும்படி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் நோய் ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது. வழக்கம்போல இருந்தவர்களுக்கு ஏறியது. வராதவர்களுக்கும் தொடர்ந்து வியர்க்க உழைப்பது ஆபத்தைக் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு அனுமதி கிடைத்தது. தம்பி மகன் சைக்கிளை மெதுவாக ஓட்ட, அப்பா பின்னால் வேகமாக நடப்பார், வாய்க்கால் கரையில்.

நிலைப்படியில் கால் உறைந்துவிடும். பசை போட்டு ஒட்டின மாதிரி நிற்பார். தள்ளினால் விழுவார், தள்ளக் கூடாது. தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் எழும் என்று பிசியோதெரபி செய்பவர் சொன்னார். அம்மா அன்றைக்கே கோலமாவில் நிலைப்படிக்கு உள்ளே குறுக்காக நாலு கோடு போட்டாள். அப்பா கோட்டைப் பார்த்தார், காலைத் தூக்கினார், தாண்டினார். தாளமும் அப்படித்தான் வேலை செய்கிறது. எங்கள் ஊரில் வள்ளி கும்மி பழக்குகிறார்கள். சாயந்திரம் பெண்களும் பிள்ளைகளும் வட்டம் கட்டும்போது அப்பா ஓரத்தில் நின்று அந்த அடிக்குக் கால் மாற்றுகிறார். உறைகிற கால் அங்கே உறைவதில்லை.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை, சித்தப்பாவுக்காக. ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் எட்டாயிரம் பேரை முப்பது வருடம் பின்தொடர்ந்து 2000இல் சொன்னார்கள், காபி குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவு என்று. புகை பிடிப்பவர்களுக்கும் குறைவாகவே வருகிறது, இது பல ஆய்வில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். சித்தப்பா நாளுக்கு ஆறு காபி, ஒரு கட்டு பீடி. இதை யார் அவரிடம் சொன்னார்களோ, அன்றிலிருந்து பீடியைப் பற்ற வைக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து "மருந்து சாப்படறேன் கண்ணு" என்கிறார். போன ஐப்பசியில் மூச்சு வாங்குகிறது என்று எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரல் பாதி போயிருக்கிறது.

நான் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அப்பாவின் மாற்றத்துக்கே அர்த்தம் தெரியாதபோது எனக்கு இருக்கிறதா என்று பார்த்து என்ன செய்வது? ஆனால் காலையில் காபிப்பொடி டப்பாவைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் கேலி செய்கிறார். வாரம் ஐந்து நாள் மூச்சு வாங்க நடக்கிறேன், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன், வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறுவதில்லை, தலையில் அடிபடுவதும் இந்த நோயின் தராசில் ஒரு கல்.

ஒன்று மட்டும் பாக்கி. பாராகுவாட்டை நிறுத்தியபோது அரைக் கேன் மிச்சம் இருந்தது. வாய்க்காலில் ஊற்ற முடியாது, மண்ணில் புதைக்க முடியாது, எரிக்க முடியாது, அடுத்தவன் காட்டுக்கு அடிக்கக் கொடுக்கவும் மனசு வரவில்லை. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் மோட்டார் ரூம் பரணில், மூடி இறுக்கி, பூட்டிய தகரப்பெட்டிக்குள் இருக்கிறது. சாவி அம்மாவிடம்.